டீசி நிலத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதும், மீட்க மனு எழுதுவதும்

உங்கள் ஊரில் யாராவது ஒரு கிழவி, இன்று வேறு யாரோ பயிர் வைத்திருக்கும் ஒரு கொல்லையைக் காட்டி, "அது நம்ம டீசி நிலம்டி" என்று சொல்லியிருக்கிறாரா? அப்படியென்றால் இதைப் படியுங்கள். என் ஆயா அப்படித்தான் சொன்னார். ஏரிக்கரையிலிருந்து பார்த்தால் தெரியும் 1 ஏக்கர் 46 சென்ட். 1968-இல் அத்தையின் கல்யாணத்துக்காக முந்நூறு ரூபாய்க்குப் போக்கியம் வைத்தது. 1974-இல் அதே ஆளுக்குக் கிரயமாகிப்போனது. தாத்தா கைநாட்டு வைத்தார். என்ன பத்திரம் என்று அவருக்கு யாரும் படித்துக் காட்டவில்லை.

நான் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறவள். டைப்ரைட்டிங் லோயர் முடித்த கையோடு வந்து உட்கார்ந்தேன், இன்றும் அங்கேதான் இருக்கிறேன். எங்கள் நிலத்துக்காக 2014-இல் அலையத் தொடங்கி 2021-இல் கைக்கு வாங்கினோம். அதற்குப் பிறகு பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் எழுதிக் கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், டீசி நிலம் என்றால் என்ன. டிப்ரஸ்டு கிளாஸ் என்பதன் சுருக்கம்தான் டீசி. பஞ்சமி நிலம் என்பதும் இதுதான். 1891-இல் செங்கல்பட்டில் ஆட்சியர் பொறுப்பில் இருந்த ட்ரமென்ஹீர், அந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலைமையை நேரில் பார்த்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். தரிசு நிலம் கேட்டு யார் தர்காஸ்து போட்டாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை என்பதால், சேரி மக்களுக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடைக்காமல் போவதை அதில் எழுதினார். அதன் பேரில், அவர்களுக்கு நிலம் ஒப்படைக்கச் சொல்லி 1892 செப்டம்பர் 30-ஆம் தேதி அரசாணை வந்தது. சென்னை மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒப்படைக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது.

நிலத்தோடு நிபந்தனையும் வந்தது. முதல் பத்து வருடம் விற்கக் கூடாது, தானம் கொடுக்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, குத்தகைக்கு விடக் கூடாது. பத்து வருடம் கழித்து விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வருவாய் நிலையாணை 15-இல் இந்த ஒப்படை விதிகள் இருக்கின்றன. ஆணைக்கு ஆணை வாசகம் கொஞ்சம் மாறும். உங்கள் குடும்பத்தில் பழைய ஒப்படை ஆணை எதுவும் டிரங்குப் பெட்டியில் கிடந்தால் அதைத் தங்கமாகப் பாதுகாத்து வையுங்கள்.

எல்லா இலவச நிலமும் டீசி நிலம் ஆகிவிடாது. பூதான இயக்கத்தில் தானமாக வந்த நிலம் வேறு. 1961-ஆம் வருட நில உச்சவரம்புச் சட்டத்தில் மிகையாக எடுத்துக் கொடுத்த நிலம் வேறு. சாதாரண அரசு ஒப்படை வேறு. ஒவ்வொன்றுக்கும் விதியும் வேறு, மனு போக வேண்டிய இடமும் வேறு. "எங்க தாத்தாவுக்கு கவர்மெண்டு கொடுத்தது" என்பதை மட்டும் வைத்து மனு எழுதினால் முதல் விசாரணையிலேயே படுத்துவிடும். அதனால்தான் என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் மனு எழுத மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். பழைய பதிவேட்டில் அந்த ஒரு வரியைக் காட்டுங்கள், அப்புறம் எழுதுகிறேன் என்பேன். பலருக்குக் கோபம் வரும். அந்த வரி கையில் இல்லாமல் கொடுத்த மனுக்கள் வருடக்கணக்காகத் தூங்குவதை எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தவள் நான்.

சர்வே எண்ணைப் பிடிப்பது

ஊர்ப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு போய் எல்லையைக் காட்டச் சொல்லுங்கள். கிணறு, புளியமரம், வாய்க்கால், பக்கத்துக் கொல்லைக்காரர் பெயர் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பகலில் நாலைந்து பேராகப் போங்கள். உழவோ நடவோ நடக்கும் நேரத்தில் போய் வாக்குவாதம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தைப் பார்த்து இன்றைய சர்வே எண்ணையும் உட்பிரிவையும் பிடியுங்கள். அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் அ-பதிவேடும் (ஊரின் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் பரப்பும் உடையவர் பெயரும் உள்ள கணக்கு) பட்டாவும் வரும். அதில் இருப்பது இன்றைய நிலவரம் மட்டும். அங்கே டீசி என்று இல்லாததைப் பார்த்துவிட்டுப் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அங்கே நிற்காதீர்கள்.

காரணம் யூடிஆர். 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தை எல்லோரும் இந்தப் பெயரில்தான் சொல்வார்கள். அந்தச் சமயத்தில் நிலத்தில் யார் இருந்தார்களோ அவர்கள் பேரிலேயே பல இடங்களில் பட்டா ஏறிவிட்டது. பழைய பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் இருந்த டி.சி. என்ற சொல் புதுப் பதிவேட்டுக்கு வராமல் போனது. ஆகவே நாம் தேட வேண்டியது யூடிஆருக்கு முந்தைய அ-பதிவேடு. செட்டில்மெண்ட் பதிவேடு என்றும் சொல்வார்கள்.

யூடிஆரில் பெரும்பாலும் சர்வே எண் அப்படியே இருக்கும், உட்பிரிவுதான் உடைந்திருக்கும். எங்கள் 117/2 நாலு துண்டாகியிருந்தது. மறு அளவை நடந்த ஊர் என்றால் எண்ணே மாறியிருக்கும், அப்போது பழைய எண்ணையும் புது எண்ணையும் சேர்த்துக் காட்டும் தொடர்புப் பதிவேட்டைக் கேட்க வேண்டும். இன்னொன்று: பழையது ஏக்கர்-சென்ட்டில் இருக்கும், புதியது ஹெக்டேர்-ஏரில் இருக்கும். ஒரு ஏக்கர் என்பது சுமார் 40.5 ஏர். எங்கள் 1 ஏக்கர் 46 சென்ட், புதுப் பதிவேட்டில் துண்டுகளைக் கூட்டினால் 59 ஏர் வந்தது. கணக்கு ஒத்துப்போவதை ஒரு தாளில் எழுதி மனுவோடு வைத்தால் அதிகாரிக்கும் வேலை சுலபம்.

பழைய பதிவேட்டை வெளியே எடுப்பது

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1). பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் முத்திரை போட்ட நகல் வாங்குங்கள், தபால் என்றால் ஒப்புகையோடு அனுப்புங்கள். "டீசி நிலமா இல்லையா" என்று கேள்வி கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். நான் எழுதுவது இப்படி:

"______ வட்டம், ______ கிராமம், சர்வே எண் 117 தொடர்பாக: 1) யூடிஆர் திட்டத்துக்கு முந்தைய அ-பதிவேட்டில் மேற்படி எண் உள்ள பக்கத்தின் சான்றிட்ட நகல், குறிப்புக் கலம் முழுமையாகத் தெரியும்படி. 2) யூடிஆர் அ-பதிவேட்டின் அதே எண்ணுக்கான பக்கத்தின் சான்றிட்ட நகல். 3) பழைய எண், புதிய எண் தொடர்புப் பதிவேட்டின் நகல். 4) மேற்படி கிராமத்தில் ஆதிதிராவிடர் நிபந்தனை ஒப்படை நிலங்களுக்கான பதிவேடு பராமரிக்கப்பட்டால் அதன் நகல். 5) மேற்கண்ட ஆவணங்களை பிரிவு 2(ஒ)-வின்படி நேரில் பார்வையிட நாளும் நேரமும். இவை தங்கள் அலுவலகத்தில் இல்லையெனில், பிரிவு 6(3)-இன்படி இருக்கும் அலுவலகத்துக்கு ஐந்து நாட்களுக்குள் அனுப்பிவிட்டு எனக்குத் தெரிவிக்கவும்."

முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, வந்தது அரைகுறையாக இருந்தாலோ, அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் சரியான பதில் இல்லையென்றால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. தேதிகளைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

எங்களுக்கு வந்த முதல் பதில், "ஆவணம் சிதிலமடைந்துள்ளதால் நகல் வழங்க இயலாது". ஆயா அதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் மேல்முறையீட்டில் ஒரே ஒரு வரி எழுதினேன்: சிதிலமடைந்த நிலையிலேயே பார்வையிட அனுமதிக்கவும். இருக்கிறது என்று அவர்களே எழுதிவிட்ட பிறகு மறுக்க வழியில்லை. துணியில் கட்டிய மூட்டையைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. 117/2-க்கு நேரே தாத்தாவின் அப்பா பெயர். கடைசிக் கலத்தில் டி.சி. கண்டிஷனல். நான் அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். ரெக்கார்டு கிளார்க் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தாலுகாவில் இல்லையென்றால் ஆட்சியர் அலுவலக ஆவண அறை, சேப்பாக்கத்தில் இருக்கும் நில அளவை மற்றும் நிலவரித் திட்ட அலுவலகம், எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்று தேடிப் போகலாம். மாவட்டம் பிரிந்திருந்தால் தாய் மாவட்டத்தில் கேளுங்கள். திருவண்ணாமலைப் பக்கத்து ஊர்களுக்கு வட ஆற்காடு என்ற பெயரில்தான் பழைய பதிவேடு இருக்கும்.

கை மாறிய கதை

அடுத்து வில்லங்கச் சான்று. இணையத்தில் பெரும்பாலும் 1975-க்குப் பிறகு நடந்ததுதான் கிடைக்கும். எங்கள் கிரயம் 1974. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துக் கையால் தேட வைத்தோம். கிடைத்ததும் பத்திர நகலையும் வாங்கிவிடுங்கள். வாங்கியவர் யார், எந்தச் சமூகம், நிலத்தின் வரலாறாக என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். நடுவில் ஒரு பட்டியல் சாதிக்காரர் பெயரில் ஆறு மாதம் நிறுத்தி வைத்துவிட்டு, பிறகு உண்மையில் வாங்கியவர் பெயருக்கு மாற்றியிருப்பார்கள். இந்த வழியை நான் நாலு ஊர்களில் பார்த்தேன். முதல் கைமாற்றத்தோடு நிறுத்தாமல் கடைசிப் பத்திரம் வரை சங்கிலியாக எழுதுங்கள்.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நிபந்தனையை மீறியது என்று சட்டம் பார்ப்பது நம் தாத்தாவையும்தான். அவர் விற்றிருக்கக் கூடாது. அதனால் நிலம் மீட்கப்பட்டால் முதலில் அரசின் கைக்குத்தான் போகும். அதற்குப் பிறகு நிலமற்ற பட்டியல் சாதியினருக்கு ஒப்படைப்பார்கள். வாரிசு என்பதாலேயே உங்கள் பேருக்கு வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் ஊரில் இதே 117-இலும் 118-இலும் ஆறு குடும்பம் இழந்திருந்தது. தனித்தனியாகப் போயிருந்தால் எங்களுக்குள்ளேயே சண்டை வந்திருக்கும். கோயில் திண்ணையில் மூன்று ராத்திரி உட்கார்ந்து பேசினோம். ஒரே மனு, இழந்த குடும்பங்களின் வாரிசுகளில் நிலமற்றவர்களுக்கு முன்னுரிமை கேட்பது, மிச்சம் இருந்தால் ஊரில் நிலமில்லாத விதவைகளுக்கு என்று முடிவு செய்து எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். இந்த வேலையை மனு கொடுப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

மனு

மாவட்ட ஆட்சியருக்கு. நகல் கோட்டாட்சியர், வட்டாட்சியர், மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலர், சேப்பாக்கம் எழிலகத்தில் இருக்கும் நில நிர்வாக ஆணையர். இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். முதல் பத்தியில் கிராமம், பழைய எண், புது எண், பரப்பு. இரண்டாவதில் பழைய பதிவேட்டின் பக்க எண்ணும் குறிப்புக் கலத்தின் வாசகமும். மூன்றாவதில் பத்திர எண், வருடம், சார்பதிவாளர் அலுவலகம். பிறகு கோரிக்கை. நான் நாலு கோரிக்கைகளைப் பிரித்து எழுதுவேன்: நிபந்தனை மீறிய கைமாற்றத்தை விசாரித்து நிலத்தை அரசு மீட்க வேண்டும், இப்போதிருக்கும் பட்டாவை ரத்து செய்ய வேண்டும், தகுதியுள்ள பட்டியல் சாதியினருக்கு மறு ஒப்படை செய்ய வேண்டும், விசாரணை முடியும் வரை மேற்கொண்டு பத்திரம் பதியாமல் இருக்கச் சார்பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். கடைசியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மனு கொடுத்த சேதி தெரிந்ததும் பிளாட் போட்டு விற்றுவிட்ட இடம் எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து மனு எண்ணை வாங்குங்கள். ஜமாபந்தி, அதாவது வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை, நடக்கும்போதும் கொடுங்கள். அன்றைக்கு ஊர்க் கணக்குப் புத்தகங்கள் அங்கேயே இருக்கும், "இதோ இந்தக் கணக்கைப் பாருங்கள் ஐயா" என்று கை நீட்டிக் காட்ட முடியும்.

விசாரணையில் எதிர்த்தரப்பு சொல்வது எனக்கு மனப்பாடம். பதிவு பெற்ற பத்திரம் இருக்கிறது என்பார்கள். நிபந்தனைக்கு விரோதமான விற்பனை பதிவு செய்ததால் மட்டும் செல்லுபடியாகிவிடாது. பட்டா என் பேரில் இருக்கிறது என்பார்கள். பட்டா வருவாய்க் கணக்கு, அது உரிமையை உண்டாக்காது. நாற்பது வருடமாக அனுபவிக்கிறேன் என்பார்கள். இதற்குத்தான் நீங்கள் இரண்டு தீர்ப்புகளைக் கையில் வைத்திருக்க வேண்டும், இரண்டும் கர்நாடகத்திலிருந்து உச்ச நீதிமன்றம் போன வழக்குகள். 1984-இல் மஞ்சேகவுடா வழக்கு, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அரசு கொடுத்த நிலத்தின் கைமாற்றத்தைத் தடுக்கும் சட்டம் செல்லும் என்றது. 1995-இல் சந்தேவரப்பா வழக்கு, அப்படிப்பட்ட நிலத்தை வாங்கியவர் எதிர் அனுபவ உரிமை (நீண்ட காலம் அனுபவித்ததால் எனக்கே சொந்தம் என்பது) கோரியதை ஏற்கவில்லை. நகல் எடுத்து எழுத்துப்பூர்வமான வாதத்தோடு இணைத்துவிடுங்கள். வாக்குமூலம் எழுதினால் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. படிக்கத் தெரியாதவர்களோடு பேரப்பிள்ளை யாராவது போகட்டும். வெற்றுத் தாளில் யாருக்கும் எதற்கும் கையெழுத்து வேண்டாம்.

இந்த இரண்டு வழக்கும் ஏன் கர்நாடகத்திலிருந்து வருகின்றன? அங்கே 1978-இலேயே இதற்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். ஆந்திரத்தில் ஒப்படை நிலங்களின் கைமாற்றத்தைத் தடுக்க 1977-இல் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் பஞ்சமி நிலத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. நாம் இன்னும் நிலையாணையையும் ஒப்படை நிபந்தனையையும் பிடித்துக்கொண்டு நடக்கிறோம். 1994-இல் செங்கல்பட்டை அடுத்த காரணையில் மக்கள் பஞ்சமி நிலத்தில் அம்பேத்கர் சிலையை வைத்தார்கள், சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்து அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டில் திரண்டபோது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். 2011-இல் பஞ்சமி நிலங்களைக் கண்டறிய நீதிபதி மருதமுத்து தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். ஆட்சி மாறியதும் அதன் வேலை நின்றுபோனது. எல்லாக் கிராமத்துப் பழைய அ-பதிவேட்டையும் அரசே படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டால், நான் இந்தக் கட்டுரையில் பாதியை எழுதியிருக்க வேண்டாம். அதைச் செய்யச் சொல்லித்தான் ஒவ்வொரு மனுவின் அடியிலும் ஒரு வரி சேர்த்து எழுதுகிறேன்.

பதிலே வரவில்லையென்றால்

ஆறு மாதம் பாருங்கள். அசைவில்லையென்றால், மனுவைச் சட்டப்படி பரிசீலித்து முடிவெடுக்க உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். தென் மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 1987-ஆம் வருடச் சட்டத்தின் பிரிவு 12 அது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், சாதிச் சான்றிதழோடு போய்க் கேளுங்கள். எங்களுக்கு ரிட் போட்ட பிறகுதான் கோப்பு நகர்ந்தது. சென்னை சாஸ்திரி பவனில் தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்தின் அலுவலகம் இருக்கிறது, அங்கேயும் ஒரு மனு போட்டு வைத்தோம்.

மிரட்டல் வரும். எங்களுக்கு ஒரு சாகுபடிக் காலம் முழுக்க யாரும் கூலி வேலை கொடுக்கவில்லை. அதற்குத் தயாராக இருங்கள், ஆறு குடும்பம் சேர்ந்திருந்ததால்தான் தாங்கினோம். பட்டியல் சாதியினருக்கு ஒப்படைத்த நிலத்தை அபகரிப்பதும், அனுபவத்திலிருந்து வெளியேற்றுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஃப்), 3(1)(ஜி) பிரிவுகளில் குற்றம். மிரட்டினால் நாள், நேரம், சாட்சியோடு எழுதிப் புகார் கொடுங்கள். டிஎஸ்பி பதவிக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். எல்லா ஆவணத்துக்கும் இரண்டு செட் நகல் எடுத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள்.

உத்தரவு வந்த பிறகு

எங்கள் உத்தரவு 2019-இல் வந்தது. நிலம் கைக்கு வர இன்னும் இரண்டு வருடம். உத்தரவு வந்த அன்று இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டோம். அது எங்கள் தவறு. மறுநாளே சர்வேயரை அனுப்பி அளந்து கல் நடச் சொல்லி மனு கொடுத்திருக்க வேண்டும். நிலத்தை நம் கையில் ஒப்படைத்ததற்கு எழுதும் மகஜரில் எல்லை, பரப்பு, நாள், சாட்சிக் கையெழுத்து எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். அ-பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் ஆதிதிராவிடர் நிபந்தனை என்று மறுபடியும் எழுத வைத்து, எழுதிய பக்கத்தின் நகலை வாங்குங்கள். பட்டா யார் பேரில் என்று வரும்போது பெண்கள் பேரில் கேளுங்கள். எங்கள் ஆறில் ஐந்து பெண்கள் பேரில் இருக்கிறது.

நல்ல விலை தருகிறேன், பவர் எழுதிக் கொடு என்று புரோக்கர் வருவார். எங்கள் வீட்டுக்கு மூன்று பேர் வந்தார்கள். அந்த நிபந்தனை இன்றும் இருக்கிறது, எழுதிக் கொடுத்தால் மறுபடியும் போகும்.

கல் நட்ட வாரமே உழுதுவிடுங்கள். தரிசாகக் கிடந்தால் யாராவது மாட்டைக் கட்டுவார்கள். எங்களிடம் விதைக்குப் பணமில்லை, ஆறு வீட்டிலும் சீட்டு எடுத்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டோம். பயிர் முளைத்ததும் கிராம நிர்வாக அலுவலரை அழைத்துப் போய்க் காட்டி அடங்கலில் (பயிர்க் கணக்கில்) ஏற்றச் சொல்லுங்கள். சாகுபடி செய்பவர் பெயர், பயிர், பரப்பு மூன்றையும் சரிபார்த்து, ஒவ்வொரு பசலிக்கும் (வருவாய்க் கணக்கு ஆண்டுக்கும்) ஒரு நகல் வாங்கிக் கோப்பில் சேருங்கள். எங்கள் கோப்பில் முதலாவதாக இருப்பது பசலி 1431-இன் நகல். சாகுபடியாளர் என்ற இடத்தில் ஆயாவின் பெயர், பயிர் நிலக்கடலை. ஆயா அதைத் தன் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். நான் இன்னொரு நகல் எடுத்துக் கோப்பில் வைத்தேன்.